பச்சைக் குழந்தையின் முதல் 28 நாட்கள்: எதைப் பார்ப்பது, எப்போது ஓடுவது

பச்சைக் குழந்தைக்கு நோய் வந்தால் காய்ச்சல் அடிக்கும் என்று காத்திருக்காதீர்கள். சில குழந்தைகளுக்கு உடம்பு சுடும். பல குழந்தைகளுக்குச் சில்லிட்டுப் போகும். அழுகை குறையும், பால் குடிப்பது குறையும். நேற்றுவரை கையைக் காலை ஆட்டிக்கொண்டிருந்த பிள்ளை அப்படியே அடங்கிக் கிடக்கும். வீட்டில் கேட்டால், "இன்னைக்குத்தான் சமத்தா தூங்குது" என்பார்கள். தேனி மாவட்டத்துக் கிராமங்களில் சுகாதார செவிலியராகப் பல வருடமாக வீடு வீடாகப் போய்ப் பிள்ளை பெற்றவர்களைப் பார்த்துவருகிறேன். வீதி முழுக்கக் கேட்க அழும் குழந்தையைப் பார்த்து நான் பயந்ததில்லை. இந்தச் சமத்துக் குழந்தையைப் பார்த்தால்தான் பையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன்.

பிறந்த நாளிலிருந்து 28 நாள் வரைதான் பச்சிளம் பருவம். இந்த நாட்களில் வருகிற பெரிய நோய்கள் சிலதான்: குறைமாதமும் எடைக் குறைவும், பிறக்கும்போது மூச்சு முட்டுவது, கிருமித் தொற்று, முற்றிய மஞ்சள் காமாலை, பிறவிக் கோளாறுகள். எந்தக் குழந்தைக்கு எது வரக்கூடும் என்பதைப் பாதிக்குப் பாதி முன்கூட்டியே ஊகிக்கலாம். அதற்கான குறிப்பெல்லாம் தாயின் கையில் இருக்கும் கர்ப்பகால அட்டையில் ஏற்கெனவே எழுதியிருக்கும். யாரும் எடுத்துப் படிப்பதில்லை, அவ்வளவுதான்.

எட்டாம் மாதத்தில் அட்டையைப் பிரித்து உட்காருங்கள்

அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட், ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். கணவரும் உட்காரட்டும். பிரசவத்துக்குக் கூட இருக்கப்போவது அம்மாவோ மாமியாரோ, அவர்களும் உட்காரட்டும். ஏனென்றால் பிள்ளை பெற்றவள் அசந்து கிடக்கும்போது குழந்தையைப் பார்த்துக்கொள்ளப்போவது அவர்கள்தான்.

முதலில் ரத்தப் பிரிவு. தாய்க்கு நெகட்டிவ், தகப்பனுக்கு பாசிட்டிவ் என்றால் குழந்தை பாசிட்டிவாகப் பிறக்கலாம். அந்தக் குழந்தையின் ரத்தம் பிரசவத்தின்போது தாயின் ரத்தத்தில் கலந்தால், தாயின் உடம்பு அதை எதிர்க்கும் பொருளை உண்டாக்கி வைத்துக்கொள்ளும். முதல் குழந்தை பெரும்பாலும் தப்பிவிடும். அடுத்த குழந்தை வயிற்றில் இருக்கும்போதே அதன் ரத்த அணுக்கள் உடைய ஆரம்பிக்கும். இதைத் தடுக்கத்தான் ஆன்டி-டி ஊசி. கர்ப்பத்தின் 28-ஆம் வாரத்தில் ஒன்று போடுவார்கள். குழந்தை பாசிட்டிவ் என்று தெரிந்தால் பிறந்த 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. இதற்கு முன் கரு கலைந்திருந்தால் அப்போதும் இந்த ஊசி தேவைப்பட்டிருக்கும். பலரும் கரு கலைந்ததை டாக்டரிடம் சொல்வதே இல்லை. தயவுசெய்து சொல்லுங்கள். தாய் ஓ பிரிவாக இருந்து குழந்தை ஏ அல்லது பி பிரிவாகப் பிறந்தாலும் மஞ்சள் காமாலை சீக்கிரமாகவும் கூடுதலாகவும் வரலாம். இது முதல் குழந்தைக்கே வரும்.

அடுத்து சர்க்கரை. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுத்து, 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்களே, அந்தச் சோதனை. 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. இந்த எளிய முறையை இந்தியா முழுக்கக் கொண்டுசேர்க்கப் பாடுபட்டவர் சென்னை டாக்டர் வி. சேஷையா. தாய்க்குச் சர்க்கரை இருந்தால் குழந்தை கொழுகொழுவென்று நாலு கிலோவுக்குப் பிறக்கலாம். பார்க்க வருகிறவர்கள் திருஷ்டி கழிப்பார்கள். ஆனால் அந்தக் குழந்தைக்குப் பிறந்த சில மணி நேரத்தில் ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கக்கூடும். தாயிடமிருந்து வந்த அதிகச் சர்க்கரையைச் சமாளிக்க அது வயிற்றிலேயே நிறைய இன்சுலின் சுரந்து பழகியிருக்கும். கொடியை வெட்டியதும் சர்க்கரை நின்றுவிடும், இன்சுலின் மட்டும் மிச்சம் இருக்கும். கை கால் நடுங்கும், துவண்டுவிடும், கவனிக்காவிட்டால் வலிப்பு வரும். அதனால் இந்தக் குழந்தைக்கு முதல் மணி நேரத்துக்குள் தாய்ப்பால் போயாக வேண்டும். குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து சர்க்கரையைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். 45-க்குக் கீழே போனால் சிகிச்சை தேவை. பிள்ளை பெரிதாக இருக்கிறது என்பதாலேயே நலமாக இருக்கிறது என்று எண்ண வேண்டாம்.

ரத்த அழுத்தம், ரத்தசோகை, இரட்டைப் பிள்ளை, 18 வயது நிரம்பாத தாய், முன்பு குறைமாதப் பிரசவம் நடந்தது. இதில் எது இருந்தாலும் குழந்தை 37 வாரத்துக்கு முன்பே வரலாம், எடை குறைந்தும் வரலாம். இப்படிப்பட்டவர்கள் பிரசவத்துக்குப் பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரியைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். வலி வந்த பிறகு ஆஸ்பத்திரி தேடக் கூடாது. குறைமாதத்தில் வலி கண்டுவிட்டால் குழந்தையின் நுரையீரல் பக்குவப்படத் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். ஸ்டீராய்டு என்றதும் சில குடும்பங்கள் வேண்டாம் என்று பயப்படுகின்றன. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் லிக்கின்ஸ், ஹோவி என்ற இரண்டு டாக்டர்கள் 1972-இல் வெளியிட்ட ஆய்வில் தொடங்கி, உலகம் முழுக்கக் குறைமாதக் குழந்தைகளைக் காப்பாற்றிவரும் ஊசி அது. போடச் சொன்னால் போட்டுக்கொள்ளுங்கள். வேலை செய்ய அதற்கு நேரம் வேண்டும். அதனால்தான் வலி தொடங்கியதும் வரச் சொல்கிறோம்.

பனிக்குடம் உடைந்தால், உடைந்த நேரத்தை உடனே செல்போனில் குறித்துக்கொள்ளுங்கள். இது மிக முக்கியம். தண்ணீர் போய் 18 மணி நேரத்துக்கு மேல் ஆகிப் பிரசவம் நடந்தால் குழந்தைக்குக் கிருமித் தொற்று வரும் வாய்ப்பு கூடுகிறது. தண்ணீரில் கெட்ட வாடை, தாய்க்குக் காய்ச்சல் இருந்தால் இன்னும் கூடும். "ராத்திரியே லேசா நனைஞ்ச மாதிரி இருந்துச்சு, சிறுநீர்னு நினைச்சேன்" என்று மறுநாள் சாயங்காலம் சொல்கிற பெண்கள் உண்டு. சந்தேகம் இருந்தாலும் நேரத்தோடு சொல்லிவிடுங்கள்.

இனிச் சொல்லத் தயங்கும் விஷயங்கள். சொந்தத்தில் கட்டியிருந்தால், அதாவது மாமன் மகளையோ அக்கா மகளையோ அத்தை மகனையோ மணந்திருந்தால், அதை மறைக்காமல் சொல்லுங்கள். யாரையும் குற்றம் சொல்ல இதைக் கேட்பதில்லை. ஒரே வம்சத்தில் ஒளிந்திருக்கும் சில கோளாறுகள் இரண்டு பக்கமிருந்தும் சேர்ந்து குழந்தைக்கு வரலாம்; டாக்டருக்குத் தெரிந்தால் சில சோதனைகளை முன்பே செய்வார். முதல் குழந்தை சில நாளில் இறந்திருந்தால், மஞ்சள் காமாலைக்காக விளக்கு வெளிச்சத்தில் வைத்திருந்தால் அதையும் சொல்லுங்கள். அந்தப் பழைய டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடி எடுத்து வையுங்கள். எச்ஐவி, சிஃபிலிஸ், ஹெபடைடிஸ் பி சோதனைகளுக்கும் இதே பதில்தான்: தெரிந்தால் குழந்தையைக் காப்பாற்ற வழி இருக்கிறது. தாய்க்கு ஹெபடைடிஸ் பி இருந்தால் பிறந்த 12 மணி நேரத்துக்குள் குழந்தைக்குத் தடுப்பூசியோடு இன்னொரு ஊசியும் போடுவார்கள்.

பிறந்த முதல் நாள்

குழந்தை பிறந்ததும் அழுததா என்று கேளுங்கள். அழவில்லை, மூச்சுக் கொடுக்க வேண்டியிருந்தது என்றால் அதை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். பிறகு வலிப்பு வந்தாலோ வளர்ச்சி தாமதமானாலோ அந்த ஒரு வரி டாக்டருக்குப் பெரிய உதவி. வைட்டமின் கே ஊசி போட்டார்களா பாருங்கள். பச்சைக் குழந்தைக்கு உள்ளே ரத்தம் கசிவதைத் தடுப்பது அதுதான். பிசிஜி, போலியோ சொட்டு, ஹெபடைடிஸ் பி ஆகிய மூன்றும் பிறந்தவுடன் கிடைக்க வேண்டியவை. ஹெபடைடிஸ் பி 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

முதல் 24 மணி நேரத்துக்குள் கருப்பாக மலம் போக வேண்டும், 48 மணி நேரத்துக்குள் சிறுநீர் போக வேண்டும். போகவில்லை என்றால் வீட்டுக்குக் கிளம்பாமல் சொல்லுங்கள். பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தால் குடலில் அடைப்பு இருக்கலாம். அது எந்த நாளில் வந்தாலும் அவசரம்தான்.

எங்கள் பக்கம் சேனை வைப்பது என்று ஒரு வழக்கம். குடும்பத்தில் நல்ல குணமுள்ள ஒருவர் தேனையோ சர்க்கரைத் தண்ணீரையோ முதலில் குழந்தையின் நாக்கில் தொட்டு வைப்பார். அந்த ஆசையை நான் மதிக்கிறேன். ஆனால் தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் விதைகள் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் குடலில் முளைத்து, நரம்பை முடக்கும் விஷத்தை உண்டாக்கும். சர்க்கரைத் தண்ணீரில் விரலின் அழுக்கும் சேர்ந்து போகும். சேனை வைக்கப்போகிறவர் கையை சோப்பு போட்டுக் கழுவிவிட்டு, சீம்பால் குடித்து முடித்த குழந்தையின் நெற்றியைத் தொட்டு ஆசீர்வதிக்கட்டும். நான் போகிற வீடுகளில் பல பெரியவர்கள் இதற்குச் சம்மதித்திருக்கிறார்கள்.

தினமும் காலையில் ஐந்து நிமிடம்

ஜன்னல் அல்லது வாசல் வெளிச்சத்தில், காற்று அடிக்காத இடமாகப் பார்த்து, கையைக் கழுவிவிட்டுக் குழந்தையின் துணியை எடுத்துவிட்டுப் பாருங்கள்.

மூச்சை எண்ணுங்கள். குழந்தை அழாமல், பால் குடிக்காமல் இருக்கும்போது வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் கணக்குத் தப்பும், ஏனென்றால் பச்சைக் குழந்தை கொஞ்ச நேரம் வேகமாகவும் கொஞ்ச நேரம் நிறுத்தியும் மூச்சு விடும். 60 அல்லது அதற்கு மேல் வந்தால் சற்றுப் பொறுத்து இன்னொரு தடவை எண்ணுங்கள். மறுபடியும் 60-ஐத் தொட்டால் ஆஸ்பத்திரி. நெஞ்சுக்குக் கீழே விலா ஓரம் உள்வாங்குவது, மூக்குத் துளை விரிவது, மூச்சு விடும்போது முனகல் சத்தம், உதடும் நாக்கும் நீலமாவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், கிளம்புங்கள்.

சூட்டைத் தொட்டுப் பாருங்கள். புறங்கையால் முதலில் வயிறு, அப்புறம் பாதம். இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தால் சரி. வயிறு சூடாக இருந்து பாதம் சில்லென்று இருந்தால் குழந்தைக்குக் குளிர்கிறது. தாயின் நெஞ்சில் தோலோடு தோல் படும்படி வைத்து மேலே போர்த்துங்கள். வயிறும் சில்லென்று இருந்தால் அது ஆபத்து. ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. அக்குளில் வைத்துப் பார்த்தால் 97.7 முதல் 99.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்க வேண்டும். அதற்கு மேலே போனாலும், சூடேற்றியும் கீழேயே நின்றாலும் காட்ட வேண்டும்.

பால் குடிப்பதைப் பாருங்கள். இரவும் பகலும் சேர்த்து எட்டு முதல் பன்னிரண்டு தடவை குடிக்க வேண்டும். முதல் வாரம் முடியும்போது நாளுக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போக வேண்டும். முதல் சில நாளில் எடை கொஞ்சம் குறையும். பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறையக் கூடாது. இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். நான் வீட்டுக்கு வரும்போது தராசோடுதான் வருவேன், எடையைப் பார்க்காமல் என்னை அனுப்பாதீர்கள்.

கடைசியாகத் தொப்புள். மேலே எதுவும் பூசாமல் காய விடுங்கள். விபூதி, மஞ்சள், பவுடர், சாம்பல் எதுவும் வேண்டாம். முன்பெல்லாம் சுத்தமில்லாத கருவியால் கொடியை வெட்டியும் கண்டதைப் பூசியும் எத்தனையோ பிள்ளைகள் ரணஜன்னியில் (டெட்டனஸ்) போயின. தாய்மாருக்குத் தடுப்பூசி போட்டும், ஆஸ்பத்திரிப் பிரசவம் பெருகியும் அது குறைந்து, 2015-இல் இந்தியா அந்த நோயை ஒழித்த நாடு என்று அறிவிக்கப்பட்டது. தொப்புளைச் சுற்றித் தோல் சிவந்தால், சீழ் வந்தால், வாடை அடித்தால் காட்டுங்கள். உடம்பில் சீழ்க் கொப்புளங்கள் பத்து அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, ஒரே ஒரு பெரிய கட்டி இருந்தாலோ, கண்ணில் சீழ் வழிந்தாலோ அதுவும் அப்படித்தான்.

மஞ்சள்

பிறந்த குழந்தைகளில் பாதிக்கு மேல் கொஞ்சமாவது மஞ்சளாகும். இரண்டாம் மூன்றாம் நாளில் முகத்தில் தெரிந்து, நாலைந்து நாளில் கூடி, பிறகு தானாக வடிந்துவிடும். குழந்தையின் உடம்பில் பழைய ரத்த அணுக்கள் உடையும்போது வரும் பிலிரூபின் என்ற மஞ்சள் பொருளை, இன்னும் பக்குவப்படாத கல்லீரல் மெதுவாகத்தான் வெளியேற்றும். அதனால் வருவது இது. நன்றாகப் பால் குடித்தால் மலத்தோடு போய்விடும்.

எல்லா மஞ்சளும் இந்த மஞ்சள் இல்லை என்பதுதான் சிக்கல். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் அது எப்போதும் நோய்தான். ரத்தப் பிரிவு மோதலோ, ரத்த அணு உடையும் வேறு கோளாறோ, தொற்றோ இருக்கும். முகத்தில் தொடங்கும் மஞ்சள், அளவு கூடக் கூட நெஞ்சு, வயிறு, தொடை என்று கீழே இறங்கும். உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளாகிவிட்டால் அளவு மிகக் கூடிவிட்டது என்று அர்த்தம். எப்படிப் பார்ப்பது? பகல் வெளிச்சத்தில், நெற்றியில் விரலால் லேசாக அழுத்தி எடுங்கள். ரத்தம் விலகிய அந்த இடத்தின் நிறத்தைப் பாருங்கள். அப்படியே நெஞ்சு, தொடை, உள்ளங்கால். நம் பிள்ளைகளின் மாநிறத்தில் தோலை மட்டும் நம்ப முடியாது, ஈறையும் கண்ணின் வெள்ளையையும் சேர்த்துப் பாருங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு "ஒண்ணுமில்ல" என்று சொல்ல வேண்டாம்.

அளவு மிகவும் கூடினால் பிலிரூபின் மூளைக்குள் போய்த் தங்கும். அதன் பிறகு காது கேளாமையும் கை கால் விறைப்பும் வாழ்நாள் முழுக்க இருக்கும். இத்தனைக்கும் இதைத் தடுக்கும் சிகிச்சை எளிமையானது, ஊசியோ கத்தியோ வேண்டாத வெறும் நீல வெளிச்சம். அதைக் கண்டுபிடிக்க வழிகாட்டியவர் ஒரு செவிலியர் என்பதில் எனக்குப் பெருமை. 1950-களில் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு என்ற ஊர் ஆஸ்பத்திரியில், சிஸ்டர் வார்டு என்பவர் குறைமாதக் குழந்தைகளை முற்றத்து வெயிலுக்குக் கொண்டுபோவார். ஒரு குழந்தைக்குத் துணி மூடிய இடம் மட்டும் மஞ்சளாகவும், வெயில் பட்ட இடம் வெளுத்தும் இருந்ததை அவர்தான் கவனித்து டாக்டர்களிடம் காட்டினார். அதைப் பின்பற்றி 1958-இல் அங்குள்ள டாக்டர் கிரீமர் குழுவினர் விளக்குச் சிகிச்சையை வெளியிட்டார்கள்.

"அப்போ வெயிலில் காட்டினால் போதுமே?" என்று கேட்பீர்கள். போதாது. அந்த விளக்கு, வேலை செய்கிற நீல ஒளியை மட்டும் வேண்டிய அளவு, உடம்பு முழுக்க, மணிக்கணக்கில் கொடுக்கிறது. காலை வெயிலில் கால் மணி நேரம் காட்டினால் அந்த அளவு கிடைக்காது. குழந்தை சூட்டில் வாடும் அல்லது துணியில்லாமல் குளிரில் சில்லிடும். இதைவிடப் பெரிய கெடுதல், வெயிலில் காட்டுகிறோமே என்ற நிம்மதியில் இரண்டு நாள் போய்விடும். லைட்டில் வைக்கச் சொன்னால் வையுங்கள். கண்ணைக் கட்டிவிடுவார்கள், பார்க்கச் சங்கடமாக இருக்கும். கண்ணுக்குப் பாதுகாப்பாகத்தான் அது. இடையிடையே எடுத்துப் பால் கொடுக்க விடுவார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பீரோவில் பூச்சி வராமல் இருக்கப் போடும் அந்துருண்டை. மூத்த பிள்ளையின் சட்டைகளையும் பாட்டியின் பழைய நூல் சேலையையும் அதோடு சேர்த்து மூட்டை கட்டி வைத்திருப்பார்கள். குழந்தை பிறந்ததும் எடுத்து உதறி அப்படியே சுற்றுவார்கள். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அந்த நாப்தலீன் வாடையே ரத்த அணுக்களை உடைத்து மஞ்சளை ஒரே நாளில் ஏற்றிவிடும். பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கு. குறைபாடு இருப்பது வெளியே தெரியாது. ஒரு வீட்டில் நுழைந்ததும் அந்த வாடைதான் முதலில் அடித்தது. ஐந்து நாள் பையன், உள்ளங்கால் வரை மஞ்சள், தொட்டிலில் விரித்திருந்த சேலை முழுக்க அந்துருண்டை வாடை. அன்று சாயங்காலமே பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம், பிழைத்துக்கொண்டான். குழந்தைக்கான துணியை ஏழாம் மாதத்திலேயே எடுத்து, துவைத்து, நல்ல வெயிலில் காயப்போட்டு, அந்துருண்டை இல்லாத பையில் வையுங்கள்.

இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் இருந்தால், நன்றாகப் பால் குடித்து எடை ஏறினாலும் காட்ட வேண்டும். அப்போது மலத்தின் நிறத்தைக் கவனியுங்கள். மலம் சுண்ணாம்பு போல வெளுத்தும், சிறுநீர் துணியில் மஞ்சள் கறை படியும்படி அடர்த்தியாகவும் இருந்தால் பித்தநாளம் அடைத்திருக்கலாம். அதற்கான அறுவை சிகிச்சை பிறந்த 60 நாளுக்குள் நடந்தால்தான் நல்ல பலன் கிடைக்கும். தைராய்டு குறைவாலும் மஞ்சள் நீளும். இந்தியாவில் ஏறக்குறைய ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்குப் பிறவித் தைராய்டு குறைவு இருக்கிறது. முதல் இரண்டு வாரத்தில் கண்டுபிடித்து மாத்திரை தொடங்கினால் மூளை வளர்ச்சி கெடாது. குதிகால் ரத்தச் சோதனை செய்தார்களா என்று கேட்டு, செய்யவில்லை என்றால் செய்யச் சொல்லுங்கள்.

கிருமித் தொற்று: மணிக்கணக்கில் முற்றும் நோய்

பெரியவர்களுக்கு நுரையீரலில் வந்தால் பெரும்பாலும் நுரையீரலோடு நிற்கும் தொற்று, பச்சைக் குழந்தைக்கு எளிதில் ரத்தத்தில் ஏறி உடம்பெங்கும் பரவும். முதல் மூன்று நாளுக்குள் வந்தால் பெரும்பாலும் தாயிடமிருந்தோ பிரசவத்தின்போதோ வந்தது. பிறகு வருவது கையிலிருந்தும், பால் பாட்டிலிலிருந்தும், ஆஸ்பத்திரி வார்டிலிருந்தும், பார்க்க வருகிற கூட்டத்திலிருந்தும் வரும். குறைமாதக் குழந்தைக்கும் பனிக்குடம் முன்பே உடைந்த குழந்தைக்கும் இரண்டு வகையும் எளிதில் வரும்.

பால் குடிக்கவில்லை, துவண்டு கிடக்கிறது, தூண்டினால்தான் கை காலை அசைக்கிறது, மூச்சு வேகம், உடம்பு சில்லிப்பு அல்லது சூடு, வலிப்பு. இவைதான் அறிகுறி. பச்சைக் குழந்தையின் வலிப்பு எப்போதும் கை காலை வெட்டி இழுக்காது; கண் ஒரு பக்கம் நிலைகுத்துவது, வாய் சப்புக்கொட்டிக்கொண்டே இருப்பது, சைக்கிள் மிதிப்பதுபோல் காலை ஆட்டுவது என்றும் வரும். நடுக்கமா வலிப்பா என்று சந்தேகம் வந்தால் அந்தக் கையை மெல்லப் பிடித்துப் பாருங்கள். நடுக்கம் பிடித்தால் நின்றுவிடும், வலிப்பு நிற்காது.

நேரம் எங்கே போகிறது தெரியுமா? "உரம் விழுந்திருக்கு" என்பதில்தான் போகிறது. பால் குடிக்காத குழந்தையைச் சேலையில் போட்டு உருட்டி உரம் எடுக்க ஒருவரிடம் தூக்கிக்கொண்டு போவார்கள். கேட்காவிட்டால் மாந்தம் என்று ஒரு மருந்து உரைத்து ஊற்றுவார்கள். அதற்கும் கேட்காவிட்டால் தோஷம் என்று மந்திரிப்பு. பெரியவர்கள் அன்பால்தான் செய்கிறார்கள், அந்தக் கைகளில் வளர்ந்தவள்தான் நானும். ஆனால் ரத்தத்தில் ஏறிய கிருமி காலையிலிருந்து சாயங்காலத்துக்குள் குழந்தையைக் கொண்டுபோய்விடும். நான் சொல்லும் விதி ஒன்றே ஒன்று: நன்றாகக் குடித்துக்கொண்டிருந்த குழந்தை அடுத்தடுத்து இரண்டு தடவை பால் மறுத்தால், வேறு யாரிடமும் போவதற்கு முன் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். தொற்று இல்லை என்று தெரிந்த பிறகு வேண்டுதலை நிறைவேற்றிக்கொள்ளலாம்.

தடுப்பதற்குச் செலவே இல்லை. குழந்தையைத் தொடும் ஒவ்வொருவரும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். முதல் மாதம் கூட்டம் வேண்டாம். சளி, இருமல் உள்ளவர்கள் வாசலோடு பார்த்துவிட்டுப் போகட்டும், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. பால் பாட்டில், ரப்பர் வேண்டாம். தாய்ப்பாலைப் பீய்ச்சிக் கொடுக்க வேண்டியிருந்தால் சங்கைக் கொதிக்கவைத்து அதில் கொடுங்கள். தெருவில் வந்து சங்கில் அளந்து விற்கும் கழுதைப்பால் வேண்டவே வேண்டாம். காய்ச்சாத பால், கழுவாத சங்கு, எந்த நோயையும் அது தடுப்பதில்லை. குளிப்பாட்டும்போது மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதையும், வாயால் மூக்கை ஊதுவதையும் நிறுத்துங்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிமோனியாதான். சாம்பிராணிப் புகையும் அந்தச் சின்ன மூச்சுக்குழாய்க்கு ஆகாது. அப்பா பீடி, சிகரெட் பிடித்துவிட்டு அதே சட்டையோடு தூக்க வேண்டாம்.

எடை குறைந்த குழந்தை

2.5 கிலோவுக்குக் கீழே என்றால் எடைக் குறைவு, 1.5 கிலோவுக்குக் கீழே மிகக் குறைவு. இந்தக் குழந்தைகளுக்குச் சூடு நிற்காது, பால் இழுக்கத் தெம்பு இருக்காது, தொற்றும் மஞ்சளும் சீக்கிரம் பிடிக்கும். "பெட்டியில வெச்சிருக்காங்க" என்று சொல்லி அழுதுகொண்டே வாசலில் நிற்கும் தாய்மாருக்கு நான் சொல்வது, உங்கள் நெஞ்சும் மருந்துதான். கங்காரு முறை என்று இதைச் சொல்வோம். கொலம்பியாவின் போகோட்டா நகரில் போதிய இன்குபேட்டர் இல்லாத ஆஸ்பத்திரி ஒன்றில் 1978-இல் டாக்டர் எட்கர் ரே தொடங்கியது. குழந்தைக்கு டயப்பர், தொப்பி, சாக்ஸ் மட்டும் போட்டு, தாயின் இரண்டு மார்புக்கும் நடுவே நிமிர்த்தி, தலையை ஒரு பக்கம் திருப்பி, மூக்கு அடைபடாமல் வைத்து, மேலே சேலையால் கட்ட வேண்டும். நாளுக்கு எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் செய்யுங்கள், எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நல்லது. தாய்க்கு அலுப்பாக இருந்தால் தகப்பன் வைத்துக்கொள்ளலாம், பாட்டி வைத்துக்கொள்ளலாம். இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், பிறந்த உடனேயே இதைத் தொடங்கியபோது இறப்பு நாலில் ஒரு பங்கு குறைந்தது. எங்கள் ஊரில் ஒரு டிராக்டர் டிரைவர், சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு மகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். முதலில் சிரித்த தெரு, பிறகு அவரிடம் எப்படிக் கட்டுவது என்று கேட்டது.

இந்தக் குழந்தைகள் பசித்தாலும் அழ மாட்டார்கள், அதனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பிப் பால் கொடுங்கள். குளியல் வேண்டாம், எடை ஏறும்வரை துடைத்தால் போதும்.

பயப்பட வேண்டாதவை

தும்மல், விக்கல், குடித்தபின் ஓரத்தில் கொஞ்சம் பால் வழிவது, தோல் உரிவது, மூக்கு நுனியில் வெள்ளைப் புள்ளி, இரண்டாம் நாளில் சிவந்து மறையும் தடிப்பு, இடுப்பில் நீலத் திட்டு, எல்லாம் இயல்பு. மார்பு வீங்கியிருக்கலாம், பெண் குழந்தைக்குச் சில சொட்டு ரத்தம் படலாம். தாயின் ஹார்மோன் வடிவதால் வருவது, தானாகச் சரியாகும். மார்பைப் பிதுக்கிப் பால் எடுக்காதீர்கள், சீழ்க் கட்டியாகிவிடும்.

கிளம்பும்போதும் திரும்பிய பிறகும்

108-க்குப் போன் செய்து குழந்தையின் வயதை நாளில் சொல்லுங்கள். பச்சிளம் குழந்தைக்கான ஆம்புலன்ஸ் இருந்தால் அதை அனுப்புவார்கள். போகலாமா வேண்டாமா என்று குழப்பமாக இருந்தால் 104-இல் கேட்கலாம். வழியில் குழந்தை தாயின் நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும், தலைக்குத் தொப்பி வேண்டும். குடிக்க முடிந்தால் பால் கொடுத்துக்கொண்டே போங்கள்; மயக்கமாகவோ மூச்சு வாங்கியோ இருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். தாயை வீட்டில் விட்டுவிட்டுக் குழந்தையை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். அட்டை, டிஸ்சார்ஜ் சீட்டு, கொடுத்த நாட்டு மருந்தின் பெயர் எல்லாம் கையில் இருக்கட்டும். கடைசியாகப் பால் குடித்த நேரம், கடைசியாகச் சிறுநீர் போன நேரம் இரண்டையும் டாக்டர் முதலில் கேட்பார். நாட்டு மருந்து கொடுத்திருந்தால் மறைக்க வேண்டாம், யாரும் திட்டினால் திட்டட்டும்.

பெட்டியிலிருந்து பிழைத்து வந்த குழந்தைக்கு வீடு வந்ததோடு வேலை முடியவில்லை. 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கும் 2 கிலோவுக்குக் கீழே பிறந்த குழந்தைக்கும் விழித்திரையில் ரத்தக் குழாய் தாறுமாறாக வளர்ந்து பார்வை போகலாம். வெளியிலிருந்து பார்த்தால் கண் நன்றாகத்தான் இருக்கும். பிறந்த நாலு வாரத்துக்குள் கண் டாக்டர் விழித்திரையைப் பார்த்தாக வேண்டும். 28 வாரத்துக்கும் முன்பே பிறந்த மிகச் சிறிய குழந்தைகளுக்கு இரண்டு மூன்று வாரத்திலேயே. காதுச் சோதனை ஒரு மாதத்துக்குள் முடிய வேண்டும். குறை தெரிந்தால் ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்கினால் குழந்தை பேசக் கற்றுக்கொள்ளும். ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன் இந்த இரண்டு தேதியையும் சீட்டில் எழுதி வாங்கி, வீட்டுக் காலண்டரில் பெரிதாகக் குறித்துவிடுங்கள். அன்றைக்குக் காப்புக் கட்டு வந்தாலும் கல்யாணம் வந்தாலும் கண் டாக்டரிடம் போய்விட்டுத்தான் மற்றது.